‘நம்ம பிள்ளைதானே’: தொண்டு நிறுவன வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்துத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் செயலாளர் ‘அண்ணாச்சி’, கணக்கு பார்ப்பவர் ‘அக்கா’, புதிதாகச் சேர்ந்தவர் ‘நம்ம பிள்ளை’. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் மொத்த அலுவலகமும் வந்து நிற்கும். கம்பெனி வேலையில் எளிதில் கிடைக்காத ஒட்டுதல் இது. சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. அண்ணாச்சியிடம் போய்ப் பணி ஆணை கேட்டால் ‘நம்மையே நம்பவில்லையே’ என்று நினைப்பாரோ என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தில் விட்டுப்போன காகிதங்கள் மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பணி ஆணை வாங்காமல் சேருவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். கிடைத்த ஆணையைப் படிக்காமல் மடித்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. பதவிப் பெயர் என்ன, சம்பளம் எந்தப் புராஜெக்டில் இருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற நான்கையும் பாருங்கள். பதவிப் பெயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். வெளிநாட்டு நிதி வாங்கும் நிறுவனத்தில் வேலை நிலைப்பதே சில நேரம் அந்தப் பெயரை வைத்துத்தான். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் போல நேரடியாகச் சேவை செய்கிறவர்களின் சம்பளம் அந்த 20-இல் சேராது. அலுவலக நிர்வாகச் சம்பளம் சேரும். மாலை நேரப் படிப்பு மையத்தில் பாடம் நடத்துகிறவருக்கு ஆணையில் ‘அலுவலக உதவியாளர்’ என்று போட்டிருந்தால், நிதி இறுகும்போது முதலில் வெட்டு விழுவது அந்தப் பெயர் மேல்தான்.

சம்பளம் தள்ளிப் போனால் ‘இன்னொரு கணக்கில் பணம் கிடக்கிறதே, அதிலிருந்து தரலாமே’ என்று களப்பணியாளர்கள் கோபப்படுவதுண்டு. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். உள்ளூர் நன்கொடையோடு அதைக் கலக்கக் கூடாது. ஒரு புராஜெக்ட் பணத்தை எடுத்து இன்னொன்றின் சம்பளத்துக்குக் கொடுத்தால் தணிக்கையில் நிறுவனமே மாட்டும். ஆகவே கோபப்படுவதைவிட, சேருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பது நல்லது: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எந்த வருஷம் முடிகிறது? பதிவுக்கு ஆயுள் 5 ஆண்டு. புதுப்பிக்காமல் அது காலாவதியானால் புதுப் பணம் வாங்க முடியாது.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வருவது இன்னொன்று. காட்டலாம், சரிபார்க்கக் கொடுக்கலாம். அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். கோப்பில் வைக்க நகல் போதும். ‘இங்கேயே பத்திரமாக இருக்கட்டும்’ என்று யாராவது சொன்னால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியல் எழுதி முத்திரையோடு ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதுமே பெரும்பாலும் சான்றிதழே திரும்பக் கைக்கு வந்துவிடும்.

இனி கையெழுத்து. இந்தத் துறையில் அதிக மனக்கசப்பு இதில்தான். ரூ. 5,000-க்கு மேல் பணம் பெற்றதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம், சட்டமும் அதுதான். ஸ்டாம்ப் மட்டும் ஒட்டித் தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடுவதுதான் வினை. அதில் பிறகு ஏறும் தொகை முழுவதும் நீங்கள் வாங்கியதாகவே கணக்காகும். வாங்கிய தொகையை எண்ணிலும் எழுத்திலும் உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் தப்பில்லை.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு: வங்கியில் 15,000 ஏறும், அதில் 3,000-ஐ ‘நிறுவனத்துக்கு நன்கொடை’ என்று ரொக்கமாகத் திருப்பிக் கேட்பார்கள். மனமுவந்து கொடுப்பது வேறு, சம்பளத்தோடு கட்டிப்போட்டுக் கேட்பது வேறு. உண்மையான நன்கொடை என்றால் 80ஜி எனப்படும் வரிச்சலுகை ரசீது தர வேண்டும், ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு வரிச்சலுகையும் கிடையாது. ஆகவே கொடுப்பதாக இருந்தாலும் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘வங்கி வழியாகவே அனுப்பிவிடுகிறேன் அண்ணாச்சி’ என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அந்த வழக்கம் எவ்வளவு நேர்மையானது என்று வருகிற பதிலிலேயே தெரிந்துவிடும்.

‘மதிப்பூதியம்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். முழு நேரம் வேலை வாங்கிக்கொண்டு ஏட்டில் மதிப்பூதியம் என்றோ ஆலோசகர் கட்டணம் என்றோ எழுதினால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். பிடிக்க வேண்டியதில்லை என்று ஒரு கணக்கு. 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப். வரும்; ஊழியர் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கும் அதே அளவு. பிடித்தம் காட்டுகிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா என்பதை ‘உமங்’ என்ற அரசுச் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆலோசகர் என்று காட்டி 10 சதவீதம் வரி பிடித்திருந்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கிறவர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். விவரம் தெரியாததால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு ஏப்ரலில் புது ஆணை தருவதும் உண்டு. ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்பார்கள். பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி, பொதுவாகத் தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்தவருக்கு உரியது. கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை (அடிப்படையும் பஞ்சப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாயில் 6 ஆண்டு என்றால் 45,000 ரூபாய். அந்தச் சும்மாக் கடிதத்தின் விலை இது. புராஜெக்ட் முடிந்ததால் ஆணை முடிகிறது என்றால் அப்படியே அவர்கள் எழுதித் தரட்டும். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று நீங்கள் எழுத வேண்டாம்.

பயணப்படியில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் பெயரைக் கெடுத்துவிடும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண் களப்பணியாளர் ஜங்ஷனில் இருந்து பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போனதாக எழுதிக் கட்டணமும் கேட்டிருந்தால், தணிக்கையாளர் கண் முதலில் அங்கேதான் போகும். ஷேர் ஆட்டோவுக்குச் சீட்டு கிடையாது என்பது உண்மை. அதற்குப் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நோக்கம், தொகை நான்கையும் எழுதி, அன்றைக்கே சொந்த வவுச்சர் போடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே பேனாவில் எழுதினால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நேரம் பற்றி. முக்கூடல், மேலப்பாளையம் போன்ற பீடி சுற்றும் ஊர்களில் பீடிக்கடைக்குப் போய்ச் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பெண்கள் கூட்டத்துக்கு வருவார்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதுவது அலுவலகத்தின் தவறு. சாயங்காலம் கூட்டம் நடத்திவிட்டு இரவு ஒன்பதுக்கு வீடு சேர்ந்தவரை மறுநாள் ஒன்பதரைக்கே வருகைப் பதிவேட்டில் தேடுவதும் அப்படியே. மாற்று விடுப்பு உண்டா, எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வெளியே பேசத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது. ‘அந்தத் தெருவுக்கு அந்தத் தெருக்காரரையே அனுப்பினால் வேலை சுலபம்’ என்று பணியாளர்களைச் சாதி பார்த்துப் பிரித்து அனுப்புவது. முதல் மாதம் சுலபமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் அவர் நிறுவனத்தின் ஆள் என்பது போய், தெருவின் ஆள் ஆகிவிடுவார். வேறு யாரும் அங்கே நுழைய முடியாது. அவரும் வேறு எங்கும் போக முடியாது. இருவர் இருவராக அனுப்பி, காலாண்டுக்கு ஒருமுறை ஊரை மாற்றிப் போடுவது இதைவிடச் சிரமம்தான். ஆனாலும் அதுதான் சரி.

10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் மூத்த பெண் ஊழியர். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். வெளியாள் ஒருவர் கட்டாயம். செயலாளரின் மனைவியைத் தலைவராகப் போட்டு, சுவரில் போர்டு மாட்டினால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. அந்தக் குழுவிடம் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டார். களத்துக்குப் போகும் கிராமமும், நிறுவனம் ஏற்பாடு செய்த ஜீப்பும்கூடச் சட்டப்படி பணியிடமே. புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே நிறுவனத் தலைவர் மேல் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு நேரடியாகப் போகலாம்.

விலகும்போது கோபத்தில் சாவியை மேசையில் வீசிவிட்டு வருவது தனக்கே நட்டம். கையில் வாங்கிய அட்வான்ஸை பில்லோடு முடியுங்கள். ஒப்படைத்த பொருள், கோப்பு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு இரு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். பயனாளிகளின் ஆதார் நகல், குழந்தைகளின் படங்கள் உங்கள் கைப்பேசியில் இருந்தால் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். விடுவிப்பு ஆணையும் அனுபவச் சான்றும் வெவ்வேறு காகிதங்கள், இரண்டையும் கேளுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் ஏற்றாவிட்டால், வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணில் நுழைந்து நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.