மதுரையில் ஓடப் பழகுவோம்: சித்திரை வீதியில் தொடங்கி அழகர்மலை வரை

மதுரையில் ஓட இடம் ஏது என்று கேட்பவர்கள் நிறைய. நடைபாதையைக் கடைகள் எடுத்துக்கொண்டன, எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஷேர் ஆட்டோக்கள் உரசிக்கொண்டு போகின்றன. எல்லாம் உண்மை. ஆனாலும், புதிதாக ஓட வருகிறவருக்கு இந்த ஊரைப் போல இசைவான ஊர் குறைவு என்றே உறுதியாக நினைக்கிறேன். காரணம், ஊரின் அமைப்பு. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக வீதிகள் போட்டிருக்கிறார்கள். மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட நீளம். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பதுதான் ஓட்டத்தில் முதல் பாடம். இங்கே அந்தப் பாடத்தை ஊரே வகுத்து வைத்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே போனால் போதும். வெளி வீதியும் பழகிவிட்டால், ஊரைச் சுற்றி மலைகள் காத்திருக்கின்றன.

படி 1: கிளம்பும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செலவு செய்ய வேண்டிய பொருள் ஒன்றுதான்: ஓடுவதற்கென்றே செய்த ஷூ. கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் ஓடும்போதும் பொருந்தும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும், அக்குளில் உராயும். சீக்கிரம் காயும் துணியில் ஒரு சட்டை போதும். தொடை உராய்கிறவர்கள் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

படி 2: நேரத்தைப் பிடியுங்கள்

மதுரையில் எங்கே ஓடுகிறோம் என்பதைவிட எப்போது ஓடுகிறோம் என்பதுதான் முக்கியம். மே மாதக் கடைசியில் ஆறு மணிக்குள் சூரியன் வந்துவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் ஆறரை தாண்டும். மார்ச் முதல் ஜூன் வரை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மற்ற மாதங்களில் ஏழு வரை தாங்கும். மாலையில் ஓடலாமா என்றால், கோடையில் வேண்டாம். வெயில் இறங்கினாலும் தார்ச்சாலை குடித்த சூடு இரவு வரை வெளியே வந்துகொண்டே இருக்கும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது இளநீர். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். காலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைக்கிற ஊர் இது. ஓடிய பசிக்கு அது நன்றாகத் தாங்கும்.

படி 3: சித்திரை வீதி

கோயிலின் வெளிமதில் ஏறத்தாழ 254 மீட்டர் நீளம், 237 மீட்டர் அகலம். மதிலை ஒட்டிச் சுற்றினாலே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். வீதியின் வெளி ஓரமாகச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும். வண்டிகளை இங்கே விடுவதில்லை. ஊரின் நட்டநடுவில், வண்டி இல்லாத ஒரு கிலோமீட்டர் சதுரம்!

முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதை எட்டு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல். மூன்றாம் வாரம் ஓட்டமும் நடையும் இரண்டு இரண்டு நிமிடம். ஐந்தாம் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நிமிடம் பார்க்கப் பிடிக்காதவர்களுக்குக் கோபுரங்கள் இருக்கின்றன. கிழக்குக் கோபுரத்திலிருந்து வீதி மூலை வரை ஓட்டம், மூலையிலிருந்து தெற்குக் கோபுரம் வரை நடை. நான்கு கோபுரங்களில் உயரமானது அந்தத் தெற்குக் கோபுரம்தான்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். புதியவர்கள் நிறுத்திவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: முதல் நாளே வேகமாக ஓடி, மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். நெஞ்சும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

இது கோயில் வீதி என்பதை மறக்க வேண்டாம். விடியற்காலையில் சுற்றி வருகிறவர்கள் வேண்டுதலோடு வருகிறவர்கள். மதில் ஓரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, கடைகள் பக்கமாக ஓடுங்கள். அவர்கள் போகிற திசையிலேயே, வலமாகப் போங்கள். போலீஸ் சோதனை இருக்கும் என்பதால் பை வேண்டாம், சாவி போதும். திருவிழா நாட்களில் இங்கே ஓட்டமே வேண்டாம். தரையில் கல் பாவியிருப்பதால் மழை பெய்தால் வழுக்கும், அன்றைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோயில் பக்கம் வர முடியாதவர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர், அதாவது ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் அளவு. நடையாளர்கள் எப்போதும் இருப்பதால், தனியாக ஓடத் தயங்குகிற பெண்களுக்கு இந்த இடத்தைத்தான் முதலில் சொல்வேன்.

படி 4: மாசி வீதி

இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிகிறதா? சரி, வெளியே வாருங்கள். ஆவணி மூல வீதியைத் தாண்டிவிடலாம். குறுகல், இருபுறமும் நிறுத்திய வண்டிகள்.

மாசி வீதி அப்படியில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மன் தேர் சுற்றி வருகிற வீதி இது. கீழமாசி வீதியில் தேர் நிற்கிற தேர்முட்டியில் தொடங்கித் தெற்கே போனால் மூலையில் விளக்குத்தூண். அங்கே வலப்பக்கம் திரும்பினால் தெற்குமாசி, அடுத்து மேலமாசி, பிறகு வடக்குமாசி, மறுபடி தேர்முட்டி. மேலமாசி வீதி 251-ஆம் எண் கட்டடத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நடங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறியது அங்கே தங்கியிருந்தபோதுதான்.

இங்கும் வலச் சுற்றாகவே ஓடச் சொல்கிறேன். இதற்குப் பக்தி தவிர இன்னொரு காரணமும் உண்டு. வலமாகப் போகும்போது சாலையின் வலது ஓரம், அதாவது கோயில் பக்க ஓரம், உங்களுடையது. எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் உள்பக்கமாகவே திரும்புவதால் பெரிய சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதும் இல்லை. ஒருவழிப் பாதையாக இருக்கிற இடத்தில் மட்டும் வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் வேண்டாம். கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்கு லாரிகளும் சுமை இறக்குகிறவர்களும் விடியலிலேயே வேலையில் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள்.

நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். ஓடினால்தான் துரத்தும்.

படி 5: வெளி வீதி, கோட்டை இருந்த இடம்

எனக்கு மிகவும் பிடித்த சுற்று இது. நாயக்கர் காலத்து மதுரை, அகழியும் கொத்தளங்களும் சூழ்ந்த கோட்டை நகரம். கொத்தளங்கள் 72 என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்றும் சொல்வார்கள். 1837 முதல் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அந்தச் சுவரை இடித்து, இடிபாட்டைக் கொண்டே அகழியை நிரவினார்கள். அப்படிக் கிடைத்த நிலத்தில் போட்டவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். நீங்கள் மாசி வீதியில் கடந்த விளக்குத்தூண், அந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. வெளி வீதியில் ஓடுகிறவர் மறைந்துபோன ஒரு மதிலைச் சுற்றி ஓடுகிறார்.

ரயில் நிலையத்துக்கு எதிரே, மேலவெளி வீதியில் தொடங்கி வடக்கே போங்கள். வடக்குவெளி வீதியில் சேதுபதி பள்ளி வரும். 1904-இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி. சிம்மக்கல் தாண்டிக் கீழவெளி வீதிக்குத் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் புனித மரியன்னை தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும். கீழவாசல், தெற்குவாசல் என்று கடக்கிற இடங்களெல்லாம் கோட்டையின் வாயில்கள் இருந்த இடங்கள். கடைசியாகப் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இடிக்காமல் விட்ட கோட்டையின் ஒரு துண்டு கருங்கல்லோடு நிற்கிறது. தினமும் அந்த வழியாகப் பஸ் ஏறுகிறவர்களில் பலர் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஓடுகிறவர் நின்று பார்க்கட்டும்.

இந்தச் சுற்றை ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல்லிலும் பெரியார் பேருந்து நிலையம் பக்கமும் எந்த நேரமும் பேருந்து வரும், அங்கே நடந்தே கடங்கள்.

படி 6: மலைப்பக்கம்

நேரே ஏற்றத்தில் போய் நிற்க வேண்டாம். முதலில் மலையின் காலடியில் ஓடுங்கள். ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகிற சாலை சமதரை, பக்கத்தில் யானைமலை படுத்திருக்கும். அந்தச் சாலையில் போனால், 770-இல் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைந்த நரசிங்கப்பெருமாள் கோயில். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையும் நல்லது, பௌர்ணமி தவிர.

அடுத்து நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடி. அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம், மேலே சமணர்மலை. குளம் வரை ஓடிவிட்டு, செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் நடந்து ஏறுங்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் உள்ள பாறை அது. ஷூவோடு ஓடுகிற இடமல்ல.

இவையெல்லாம் கால்களுக்குப் பழகிய பிறகு அழகர்கோவில். மதுரையிலிருந்து வடக்கே சுமார் 21 கிலோமீட்டர். மதுரையில் இடித்துவிட்ட கோட்டைச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இங்கே வாருங்கள். கோயிலைச் சுற்றி உள்கோட்டை, வெளிக்கோட்டை என்று இரண்டு அடுக்கு, சிதைந்தாலும் இன்னும் நிற்கிறது. வெளிக்கோட்டைக்குள் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, சோலைமலைக்குப் போகும் மலைச்சாலையில் ஏறத் தொடங்குங்கள். சாலை திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், கண் பத்தடி முன்னே இருக்கட்டும், கையை நன்றாக வீசுங்கள். வேகம் குறையும், குறையட்டும். சமதரையில் இருந்த மூச்சு ஏற்றத்திலும் இருக்க வேண்டும், வேகம் அல்ல. மூச்சு உடைந்தால் அடுத்த வளைவு வரை நடங்கள். கவனம் அதிகம் தேவைப்படுவது இறங்கும்போதுதான். ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால், இரண்டு நாள் கழித்து வலிப்பது இறக்கத்தால்தான். குதிகாலை ஊன்றி பிரேக் போடாமல், சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். முதல் சில வாரம் ஓடி ஏறி, நடந்து இறங்குவது நல்லது.

கையில் பழம், பிஸ்கட், பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம், குரங்குகள் விடாது. தண்ணீர் பாட்டிலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்ளுங்கள். மேலே நூபுர கங்கைத் தீர்த்தம் வரை போகிறவர்கள் ராக்காயி அம்மனைப் பார்த்துவிட்டு, வியர்வை காயும் முன் மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, மலைக்கோயில் பேருந்திலேயே அடிவாரத்துக்கு இறங்கிவிடலாம்.