கரிசல் வீட்டில் கள்ளி வைக்கிறீர்களா? குழி தோண்டாதீர்கள்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு மண் சுத்தக் கரிசல். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் செருப்பைப் பிடித்தால் விடாது. இதில் காசு கொடுத்துக் கள்ளி வாங்கி நட்டபோது பக்கத்து வீட்டு அக்கா, "ஓடையோரம் தானா முளைக்கிறதுக்கு நீ காசு கொடுத்தியா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். முதல் வருடமே பாதிக்கு மேல் செத்தன. வெயிலில் இல்லை, மழையில்.

செய்த தப்பு இதுதான். இரண்டடிக்குக் குழி வெட்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, மணலும் ஜல்லியுமாக நிரப்பி நட்டேன், நர்சரியில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். செம்மண் பூமியில் அது சரி. கரிசலோ ஈரம் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும், தண்ணீரைக் கீழே விடாது. அப்போது மணல் நிரப்பிய அந்தக் குழி ஒரு தொட்டி மாதிரி சுற்றுவட்டத் தண்ணீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். கார்த்திகையில் ஒருநாள் கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கள்ளி ஒன்றைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். மேலே முள்ளெல்லாம் பொன்னிறமாக, ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியே சாய்ந்தது, அடியில் அழுகின பூசணிக்காய் வாடை.

அதனால் தோண்டாதீர்கள், மேடு போடுங்கள். தரைக்கு மேலே ஒன்றரை அடி, நடுவில் உயர்ந்து நாலு பக்கமும் சரிவாக. அடியில் உடைந்த செங்கல், ஓட்டுச்சில்லு என்று வீட்டில் கிடப்பதைப் போடலாம். அதற்கு மேல் இரண்டு பங்கு 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி, ஒரு பங்கு சலித்த எம்-சாண்ட், ஒரு பங்கு செம்மண், நன்றாக மக்கின சாணி உரம் ஒரு கை. எம்-சாண்டைச் சலிக்காமல் போட்டால் அதிலுள்ள தூசி இறுகி சிமெண்ட் மாதிரி ஆகிவிடும், சோம்பல் படாமல் சலியுங்கள். ஓரத்துக்குக் கல் அடுக்கினால் மழையில் மேடு கரையாது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற கணக்கு இதற்குப் பொருந்தாது. எங்கள் பக்கம் வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அது ஓய்ந்து தை, மாசியில் நட்டால் அடுத்த மழைக்குள் வேர் பிடித்து நிற்கும். இன்னொன்று, நர்சரிச் செடி பச்சை வலைக்கு அடியில் வளர்ந்தது. பாலைவனச் செடிதானே என்று மே மாத வெயிலில் கொண்டுபோய் வைத்தால் ஒரே வாரத்தில் வெளுத்துத் தழும்பு விழும், அது திரும்ப மாறாது. இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிவிட்டு அப்புறம் நடுங்கள்.

எதை வைப்பது? கள்ளி, அகாவே, யூக்கா என்று மூன்று வகை சொல்கிறேன். நாம் கள்ளி என்று சொல்வதில் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம், கீறினால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. முள் ஒவ்வொன்றும் சின்னப் பஞ்சுத்திட்டிலிருந்து கிளம்பினால்தான் அது அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி. அதில் தூண் மாதிரி உயரும் செரியஸ், கோல்டன் பேரல் இரண்டும் இந்த வெயிலுக்கு அசராதவை. சிவப்பும் மஞ்சளுமாக உருண்டைத் தலை ஒட்டிய சின்னக் கள்ளி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தலையில் பச்சையமே இல்லை, கீழே இருக்கும் ஒட்டுச்செடிதான் சோறு போடுகிறது. வெயிலில் வைத்தால் கருகும்.

அகாவே என்றால் ரயில் கற்றாழை வகை. தண்டவாளத்தோரம் வேலியாக வைத்தார்களே, அதேதான். சோற்றுக்கற்றாழையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: மடலைக் கிழித்தால் சோற்றுக்கற்றாழையில் ஜெல்லி, இதில் இழுக்க இழுக்க நார். சாறு பட்டால் சிலருக்கு நாள் முழுக்க அரிக்கும், முழுக்கைச் சட்டை இல்லாமல் வெட்டாதீர்கள். பெரிய வகை ஆறடி அகலம் விரியும், அதனால் நடைபாதைக்குப் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகள் இருந்தால் மடல் நுனி முள்ளை மட்டும் நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். முள்ளில்லாத அட்டெனுவாட்டா வகைக்குப் பாதி நிழல் வேண்டும்.

வாள் மாதிரி நீண்ட மடல் விடும் யூக்கா இந்த மூன்றிலும் சாது. தொந்தரவே கிடையாது, காய்ந்த கீழ் மடலை அறுத்துவிட்டால் போதும். கிளையை வெட்டி ஒரு வாரம் நிழலில் காயவைத்து நட்டாலே வரும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிடுங்கும்போது அறுந்த வேர் ஆற வேண்டும், ஏழெட்டு நாள் சும்மா விடுங்கள். முதல் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சாயங்காலம், நன்றாக நனையும்படி. இரண்டாவது வருடம் அதிலும் பாதி போதும். மழை தொடங்கியதும் சுத்தமாக நிறுத்திவிட்டு, தொட்டிச் செடிகளைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அழுகல் தெரிந்தால் இரக்கமே பார்க்காமல், சதை வெள்ளையாகத் தெரியும்வரை சீவுங்கள். ஒரு பழுப்புப் புள்ளிகூட மிஞ்சக் கூடாது. இரண்டு வாரம் காயவைத்து வெறும் ஜல்லி மேல் உட்காரவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். சாம்பல் பூத்த அகாவேக்கு மட்டும் வேண்டாம், அந்தப் பூச்சு போய்விடும். சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் ரத்தச் சிவப்பு வருகிறதா? அது கொச்சினீல் என்ற சாயப்பூச்சி. அந்தச் சாயத்துக்காகத்தான் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. நாடெங்கும் சப்பாத்திக்கள்ளி பரவிப் பெருந்தொல்லையாகி, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். ஆகவே வெட்டிய மடலை ஓடையில் வீசாதீர்கள், விழுந்த இடத்தில் வேர் விடும்.

சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள் கையில் ஏறினால் தேய்க்க வேண்டாம். ஃபெவிகாலை மெல்லப் பூசி, காய்ந்ததும் தோலோடு உரிப்பது போல உரியுங்கள், பெரும்பாலானவை அதிலேயே வந்துவிடும். மிச்சத்துக்கு டார்ச்சும் இடுக்கியும், கொஞ்சம் பொறுமையும்.