மிகைவளர்ச்சி நோய்களில் மரபணுப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறி வளரும் குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது, மரபியல் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள் ஆண்டுதோறும் அதே சில இடங்களில் தடுமாறுகிறார்கள். படிவம் நிரப்புவதில் நேரும் சிறு பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரத்தத்தை மட்டும் அனுப்புதல்

இத்தகைய மிகைவளர்ச்சி நோய்களில் ஒன்றான ப்ரோடியஸ் நோய்க்கு ஏகேடி1 (AKT1) மரபணுவில் நேரும் ஒரே ஒரு மாற்றம் காரணம் என்று 2011இல் கண்டறியப்பட்டது. குளோவ்ஸ் (CLOVES) உள்ளிட்ட வேறு சில மிகைவளர்ச்சி நோய்களுக்கு பிஐகே3சிஏ (PIK3CA) மரபணுவில் நேரும் மாற்றங்கள் காரணம். இம்மாற்றங்கள் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. கருவுற்ற பின்பு ஏதோ ஓர் உயிரணுவில் தோன்றி, அதிலிருந்து பிரிந்து பெருகும் உயிரணுக்களில் மட்டும் தங்குவதால், பெருத்த காலில் இருக்கும் மாற்றம் இரத்தத்தில் பெரும்பாலும் தென்படாது.

ஒரு சிறுமியின் இடது பாதம் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. அவளுடைய தாய் ஒவ்வொரு முறையும் இரு அளவுகளில் இரண்டு சோடி செருப்பு வாங்கி, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை வீணாக்க வேண்டியிருந்தது. வேறோர் இடத்தில் இரத்தத்தில் எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளைப் படிக்கும் சோதனை) செய்து, "மரபணுக் காரணம் இல்லை" என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். எழுதியிருக்க வேண்டியது "இரத்தத்தில் காணப்படவில்லை" என்பதே. அந்த ஒரு வரியை நம்பி, பின்னர் அறுவை சிகிச்சையில் அகற்றிய கொழுப்புத் திசு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் கரைசலில் போட்டார்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைப்பதோடு, இல்லாத மாற்றங்களை இருப்பதுபோலவும் காட்டக்கூடும். ஒரு சிறு துண்டைப் பதப்படுத்தாமல் எடுத்து வைத்திருந்தால், அக்குழந்தைக்கு மீண்டும் மயக்க மருந்து கொடுத்துத் திசு எடுக்க நேர்ந்திருக்காது. மாற்றம் பிஐகே3சிஏவில்தான் இருந்தது. பிஐகே3சிஏ மாற்றத்தால் வரும் மிகைவளர்ச்சி நோய்களில் கடுமையானவற்றுக்கு, 2 வயது முதல் கொடுக்கத்தக்க அல்பெலிசிப் மருந்தை அமெரிக்கா 2022 ஏப்ரலில் அனுமதித்திருக்கிறது. எனவே காரணம் தெரியாமல் கடந்த ஆண்டுகள் சிகிச்சையிலும் இழப்புதான். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

திசுவை அனுப்பிவிட்டு, முறையைக் கவனியாமல் இருத்தல்

பாதிக்கப்பட்ட திசுவிலும் மிகச் சில உயிரணுக்களே மாற்றத்தைச் சுமக்கலாம். டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் பழைய முறையான சாங்கர் முறை அதைத் தவறவிடும். மிகுந்த ஆழத்தில், அதாவது ஒரே இடத்தைப் பலமுறை படித்து, வரிசைப்படுத்தும் முறையைக் கேட்டுப் பெறுங்கள்.

பிறந்தவுடனே ப்ரோடியஸ் என்று முடிவு கட்டுதல்

ப்ரோடியஸ் பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில்தான் வெளிப்படத் தொடங்கும்.

குடும்பத்தில் எவருக்கும் இல்லையே என்று மரபணுக் காரணத்தை ஒதுக்குதல்

இந்நோய்களில் குடும்பத்தில் வேறு எவருக்கும் பெரும்பாலும் இருக்காது.

பெற்றோரின் கேள்வியைத் தள்ளிப்போடுதல்

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று தாய் கேட்பார். திசுவில் மாற்றம் உறுதியானால், அதற்கான வாய்ப்பு மிகவும் அரிது என்பதை அன்றைக்கே, தந்தையும் உடனிருக்கும்போது சொல்லிவிடுங்கள்.