பஞ்சர் ஒட்டிய டயரோடு டிராக்கில் இறங்கலாமா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்குக்குத் தன் காரையே ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஆணி ஏறுவது பெரும்பாலும் டிராக்கில் அல்ல, போகிற வழியில் நெடுஞ்சாலையில்தான். பக்கத்திலேயே பஞ்சர் கடை இருக்கும். பத்து நிமிடத்தில் ஸ்ட்ரிப் (ஓட்டையை வெளியிலிருந்து அடைக்கும் ரப்பர் திரி) ஒன்றைக் குத்தி, எச்சில் தொட்டுப் பார்த்து, "காத்து நிக்குது சார்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஸ்ட்ரிப் வீடு திரும்பப் போதும். அதை நம்பி டிராக்கில் இறங்குவதுதான் பெரிய தவறு.

காரணம் எளிய கணக்கு. 32 செ.மீ. ஆரமுள்ள டயர் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 27 முறைக்கு மேல் சுற்றும். அப்போது டிரெட்டில் (தரையைத் தொடும் ரப்பர் பரப்பில்) இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு கிலோ கனத்தோடு வெளியே போகப் பார்க்கும். 2 கிராம் ஸ்ட்ரிப் என்றால் 2 கிலோ இழுப்பு. டிரெட் தரையைத் தொடும்போது அந்த இழுப்பு விடும், எழும்போது மறுபடி பிடிக்கும். உள்ளிருந்து காற்றும் அதே திசையில்தான் தள்ளும். நாலு சுற்றில் டயர் 80, 90 டிகிரிக்குச் சூடேறி ரப்பர் இளகியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஷ்ரூம் பேட்ச் (காளான் போலத் தலையும் தண்டும் உள்ள ரப்பர் ஒட்டு) நேர் எதிர். அதன் தலை டயருக்கு உள்ளே இருப்பதால், ஸ்ட்ரிப்பை வெளியே எறியும் அதே விசை இதை இன்னும் அழுத்திப் பிடிக்கும். தண்டு ஓட்டையை அடைத்துவிடுவதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, டிரெட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு பெல்ட் கம்பியைத் துருப்பிடிக்க வைக்காது. ஒட்டுவதாக இருந்தால் இதுதான்.

ஆனால் எந்த ஓட்டையையும் ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். 6 மி.மீ.க்கு மேல் போன ஓட்டை, ஓரத்துப் பள்ளத்துக்கு வெளியே ஷோல்டரில் (டிரெட்டின் ஓர விளிம்பில்) விழுந்த ஓட்டை, சைடுவால் (பக்கச்சுவர்) ஓட்டை மூன்றுக்கும் வைத்தியம் கிடையாது. வளைவில் அதிகம் மடங்குவது ஷோல்டர்தான். அங்கே பேட்ச் விளிம்பு விட்டுவிடும். பட்டன் (டிரெட் பள்ளத்தின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயருக்கும் செலவு செய்ய வேண்டாம்.

டயரைக் கழற்றாமல் ஒட்டுவது அடுத்த தவறு. காற்று இறங்கிய பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் லோ புரொஃபைல் (சைடுவால் குட்டையான) டயரின் சைடுவால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கியிருக்கலாம். கழற்றி உள்ளே கையை விட்டால் கறுப்புப் பொடி ஒட்டுகிறதா, சைடுவாலைச் சுற்றி வளையமாக ஒரு தேய்மானம் தெரிகிறதா? அந்த டயர் முடிந்தது, ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

ஒட்டும் வேலையில் அவசரம்தான் கெடுக்கும். ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில், ஓட்டையைச் சீராக்கும் கார்பைடு கட்டரை உள்ளிருந்து விட வேண்டும். ரம்பப் பல் ஊசியால் குடைந்தால் நல்ல கம்பியும் அறுந்துபோகும். டயரின் உள்பரப்பைக் கிளீனர் போட்டுச் சுரண்டி, பேட்சைவிடச் சற்று அகலமாக மெதுவான வேகத்தில் உரச வேண்டும். கம்பியோ நூலோ வெளியே தெரிந்தால் டயரைத் தூக்கிப் போடுங்கள். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு சொல்யூஷனை ஒரே மெல்லிய பூச்சாகத் தடவி, ஐந்து நிமிடமாவது தானாகக் காய விட வேண்டும். சில கடைகளில் சீக்கிரம் காய அதற்குத் தீ வைப்பார்கள், அதை அனுமதிக்காதீர்கள். காய்ந்த பரப்பை விரலால் தொட்டுப் பார்ப்பதும் கூடாது, கை எண்ணெய் ஒட்டைக் கெடுக்கும். தண்டை வெளியே இழுத்து, உருளையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தி உருட்டி, விளிம்பில் சீலர் பூசி, தண்டை டிரெட்டுக்கு மேல் 3 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். வெட்டும்போது இழுக்கக் கூடாது. உள்ளே சத்தம் குறைக்கும் ஃபோம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். மாட்டும்போது வெளிப்பக்கம், சுற்றும் திசைக் குறிகளைச் சரிபார்த்து, பேலன்ஸ் செய்யுங்கள்.

டயருக்குள் சீலன்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுத்தமாகக் கழுவாமல் எந்த பேட்சும் ஒட்டாது, பேலன்ஸும் நிற்காது.

சூடான டயரில் காற்று அளந்து "லீக் இல்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏறும். காலையில் 32 வைத்தது டிராக்கில் 38 காட்டும்போது, கசிந்து போன இரண்டு பி.எஸ்.ஐ. கண்ணுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் குளிர்ந்த நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் அந்த டயரை டிராக்கில் ஓட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பஞ்சர் ஒட்டிய டயருக்கு அதன் வேகக் குறி செல்லாது என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அதாவது சைடுவாலில் W என்று குறித்திருந்தால், அந்த எழுத்து தரும் 270 கி.மீ. உறுதி போய்விட்டது. பின்னால் மாட்டிக்கொண்டால் சரி என்பதும் தீர்வல்ல. பின்டயர் விட்டால் கார் சுழன்றுவிடும். ஒட்டிய டயரை ரோட்டு செட்டுக்கு மாற்றி, டிராக்குக்கு அந்த ஆக்ஸிலில் இரண்டையும் ஒரே மாடலில், ஒரே பட்டன் ஆழத்தில் போடுங்கள்.