கொடுக்க ஒரே ஒரு பிடி: ஸ்லாம் கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் சிறு ஸ்லாம் கேட்டால் 13 பிடிகளில் (சீட்டுச் சுற்றுகளில்) 12 எடுத்தாக வேண்டும். எதிரணிக்கு விட்டுக்கொடுக்க நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எந்தச் சாதியில் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர்) போகும் என்று பார்க்காமல் ஏலத்தை ஏற்றிவிடுகிறோம்; எப்போது, எந்த நிலையில் கொடுப்பது என்று யோசிக்காமல் ஆடிவிடுகிறோம். ஸ்லாமில் தோற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

ஏலத்தில் முதல் குற்றவாளி 4 நோ டிரம்ப் (நோ டிரம்ப் என்றால் துருப்பு இல்லாத ஆட்டம்). ஈஸ்லி பிளாக்வுட் 1930களில் கொடுத்த இந்த உத்தி, கூட்டாளியிடம் எத்தனை ஏஸ் என்று கேட்பது. கேட்பது சுலபம், பதிலை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். ஒரு கையைப் பாருங்கள்: ஸ்பேடில் கிங், க்வீன், ஜாக், பத்து, சின்னது ஒன்று, ஹார்ட்டில் ஏஸ், கிங், சின்னது ஒன்று, டைமண்டில் சின்னச் சீட்டு இரண்டு, கிளாவரில் கிங், க்வீன், சின்னது ஒன்று. கூட்டாளி ஸ்பேடை 3 வரை உயர்த்துகிறார். கை துறுதுறுக்க 4 நோ டிரம்ப் கேட்கிறோம். ‘இரண்டு ஏஸ்’ என்று பதில். ஒரு ஏஸ்தானே வெளியே, ஆறு ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாக 12 பிடி)! கூட்டாளியிடம் இருந்தவை ஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும். எதிரணி டைமண்டில் ஏஸ், கிங் இரண்டையும் அடித்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுகிறது.

ஏஸ் எத்தனை என்று கேட்கக்கூடாத கை இது. ஒரு சாதியில் வெறும் இரண்டு சின்னச் சீட்டு வைத்திருப்பவர் கேட்க வேண்டியது, அந்தச் சாதியைத் தடுக்க உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்பதை. அதற்குத்தான் க்யூ பிட், அதாவது தடுப்பு இருக்கும் சாதியை ஏலத்தில் சொல்லிக் காட்டுவது. நாம் 4 கிளாவர் சொல்கிறோம்; கூட்டாளி 4 டைமண்ட் சொல்லாமல் 4 ஸ்பேடுக்குத் திரும்பினால் டைமண்டில் ஓட்டை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கேயே நின்றுவிடலாம். ஒரு சாதியில் சீட்டே இல்லாத கைக்கும் 4 நோ டிரம்ப் ஆகாது. பதிலில் வரும் ஏஸ் அந்தக் காலிச் சாதியின் ஏஸாக இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை, எந்த ஏஸ் என்பதும் தெரியாது. துருப்பு கிளாவராக இருந்தால் இன்னொரு வம்பு: பழைய முறையில் ஒரு ஏஸுக்கான பதில் 5 டைமண்ட், ஏலத்தில் அது 5 கிளாவருக்கு மேல். 5 கிளாவரில் நிற்க நினைத்தாலும் முடியாது.

துருப்பு கிங்கையும் ஐந்தாவது ஏஸாக எண்ணும் கீகார்ட் முறை, துருப்பு க்வீன் பற்றியும் சொல்லும் என்பதால் மேலானது. ஆனால் அதிலும் டைமண்ட் ஓட்டை தெரியாது. பிறகு 5 நோ டிரம்ப்: இது கிங்குகளைக் கேட்பதோடு, ‘ஏஸ் எல்லாம் நம்மிடம் இருக்கிறது, பெரிய ஸ்லாம் (13 பிடியும்) பார்க்கலாம்’ என்ற வாக்குறுதியும்கூட. வெறும் ஆர்வத்தில் கேட்டால் கூட்டாளி ஏழுக்குத் தாவிவிடுவார். தவறு அவர் மீது இல்லை.

பெரிய சீட்டுகளுக்கு எண்ணும் புள்ளிகளை நம்புவதிலும் அளவு வேண்டும். இரு பக்கமும் சமச்சீரான கை என்றால் 6 நோ டிரம்புக்கு 33 புள்ளி என்பது நல்ல வழிகாட்டி. துருப்புப் பொருத்தம் இருக்கும்போது அது பொருந்தாது. கூட்டாளி டைமண்டில் ஒற்றைச் சீட்டு என்று ஸ்பிளிண்டர் என்ற ஏலத்தால் காட்டியபின், நம் டைமண்ட் கிங், க்வீன், சின்னதுக்கு 5 புள்ளி எண்ணிக்கொண்டிருப்பது வீண். அதே இடத்தில் மூன்று சின்னச் சீட்டு இருந்து, அந்த 5 புள்ளி வேறு சாதியில் இருந்தால் கை பலமடங்கு உயரும்.

ஏழு கேட்கும் ஆசைக்குக் கணக்குதான் கடிவாளம். அணிப் போட்டியின் ஐஎம்பி என்ற மதிப்பெண் முறையில், துருப்பு ஸ்பேட், வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடும் நிலை) இல்லை என்றால், ஆறுக்குப் பதில் ஏழு எடுத்தால் கூடுதல் 11; தோற்றால் இழப்பு 14. ஆக 100க்கு 56 முறையாவது ஜெயிக்க வேண்டும். ஒன்பது துருப்பில் க்வீன் மட்டும் இல்லாமல் ஏஸ், கிங்கை அடித்து விழவைக்கும் வாய்ப்பு 100க்கு சுமார் 53. அதை மட்டும் நம்பி ஏழு கேட்காதீர்கள். பத்துத் துருப்பு என்றால் அதே வாய்ப்பு 78க்கு ஏறிவிடுகிறது.

ஆட்டத்துக்கு வருவோம். நமக்கும் டம்மிக்கும் (மேசையில் விரித்து வைத்த கூட்டாளியின் கைக்கும்) ஒரே அமைப்பு: ஸ்பேட் ஐந்து, ஹார்ட் இரண்டு, டைமண்ட் மூன்று, கிளாவர் மூன்று. ஒப்பந்தம் 6 ஸ்பேட். பெரிய துருப்பெல்லாம் நம்மிடம்தான். ஹார்ட்டிலும் கிளாவரிலும் ஏஸ் ஒரு பக்கம், கிங் மறுபக்கம். டைமண்டில் நம் கையில் கிங், பத்து, சின்னது. டம்மியில் ஏஸ், ஜாக், சின்னது. கிளாவரில் ஒன்று நிச்சயம் போகும். அப்படியானால் டைமண்ட் க்வீன் யாரிடம் என்று ஊகித்தாக வேண்டும் என்று பலர் உடனே ஃபினெஸுக்கு (எதிரியின் பெரிய சீட்டு இந்தப் பக்கம்தான் என்று நம்பிச் சிறிய சீட்டால் பிடி எடுக்கும் முயற்சிக்கு) போவார்கள். பாதிக்குப் பாதி சூதாட்டம். ஊகிக்கவே தேவையில்லை. துருப்பை இழுத்து முடியுங்கள், ஹார்ட் இரண்டையும் அடியுங்கள், கிளாவர் ஏஸ், கிங் அடித்து மூன்றாவது கிளாவரை விட்டுக்கொடுங்கள். அதைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் மாட்டிக்கொண்டார். டைமண்ட் இறக்கினால் க்வீன் தானாக அகப்படும். வேறு எது இறக்கினாலும் ஒரு கையில் வெட்டி, மறு கையில் டைமண்டைக் கழித்துவிடலாம். கொடுக்க வேண்டிய ஒரு பிடியை எல்லாம் காலியானபின் கொடுத்தோம், அவ்வளவுதான்.

துருப்பு இழுப்பதிலும் அவசரம் கெடுக்கும். கையில் ஏஸ், க்வீன், பத்து, சின்னது இரண்டு. டம்மியில் கிங், ஒன்பது, சின்னது இரண்டு. ‘முதலில் கிங்’ என்று பழக்கத்தில் அடித்தால், நான்கு துருப்பும் இடப்பக்கம் குவிந்திருக்கும்போது ஜாக்குக்கு ஒரு பிடி போய்விடும். முதலில் ஏஸ் அடித்தால் யாரிடம் நான்கு இருந்தாலும் ஜாக்கைப் பிடிக்கலாம். இப்படிக் குவிவது 100க்கு 10 முறைதான். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு நாம் எதையும் செலவழிக்கவில்லையே.

இரண்டு வாய்ப்பு இருந்தால் வரிசை முக்கியம். டைமண்ட் க்வீன் விழுந்தாலும் போதும், கிளாவர் ஃபினெஸ் பலித்தாலும் போதும் என்ற நிலையில், ஏஸ், கிங்கை முதலில் அடித்துப் பாருங்கள். விழாவிட்டால் ஃபினெஸ் அப்போதும் பாக்கி இருக்கும். தலைகீழாக ஆடினால் ஃபினெஸ் தோற்றவுடன் கதை முடிந்துவிடலாம்.

எதிர்த்து ஆடுபவருக்கும் ஒன்று. எதிரணி தானாகக் கேட்ட ஸ்லாமை, கையில் இரண்டு ஏஸ் இருக்கிறதென்று டபுள் செய்யாதீர்கள் (அபராதத்தைக் கூட்டும் ஏலம் அது). ஒரு பிடியில் தோற்கடித்தால் கூடுதலாகக் கிடைப்பது 50 அல்லது 100. ஆனால் கூட்டாளி அதை லைட்னர் டபுளாக, அதாவது வேறு சாதி இறக்கு என்ற குறிப்பாக, எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறான சாதியை, பெரும்பாலும் டம்மி முதலில் ஏலம் சொன்ன சாதியை, இறக்கிவிடுவார்.