ஹைப்ரிட் காரின் நிஜ மைலேஜைக் கணக்குப் போடுவது எப்படி? போர்ஷே 918 முதல் கோரிப்பாளையம் சிக்னல் வரை

போர்ஷே 918 ஸ்பைடர் 887 குதிரைத்திறன் கொண்ட கார். 4.6 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், கூடவே இரண்டு மின் மோட்டார்கள்; இரண்டும் சேர்ந்து ஓட்டுவதால் இது ஹைப்ரிட். 2013-ல் வந்த இந்தக் காருக்கு ஐரோப்பியச் சோதனை கொடுத்த எண், 100 கிலோமீட்டருக்கு 3.1 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர்! இங்கே ஓடும் சின்ன ஹேட்ச்பேக் கார்களே அதைத் தொடுவதில்லை. எண் பொய்யில்லை, ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாமல் நம்பக்கூடாது. அதைப் பிரித்துப் பார்க்கப் பழகினால், டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கு ஷோரூமில் சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்ற எண்ணையும் சரியாகப் படிக்கலாம்.

படி 1: பிரேக்கில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று பாருங்கள்

1,400 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் சுமார் 135 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. பங்க்கில் இப்போது கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஒரு லிட்டரில் சுமார் 30 மெகாஜூல். எஞ்சின் அதில் 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்தால், 50-லிருந்து ஒருமுறை பிரேக் பிடித்து நிற்பது 15 மில்லி பெட்ரோலைச் சூடாக்கி வீசுவதற்குச் சமம். மருந்து பாட்டில் மூடி அளவு. 67 தடவை நின்றால் ஒரு லிட்டர் காலி.

மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி போய் வந்தால் எத்தனை முறை நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹைப்ரிட் செய்வது இந்த மூடி மூடியாகப் போகும் பெட்ரோலில் ஒரு பங்கைப் பிடித்து பேட்டரியில் வைப்பதுதான். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. போகவர நடக்கும் இழப்பில் முழுதும் திரும்பாது. மூன்றில் இரண்டு பங்கு திரும்பினாலே நல்லது.

வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஸ்போர்ட்ஸ் காரில் ஹைப்ரிட்டின் கதை மாறுவது இங்கேதான். 1,650 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிவரும். டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டின் மொத்த பேட்டரியே 0.76 யூனிட்தான். ஒரே பிரேக்கில் அது நிரம்பிவிட வேண்டும். ஆனால் அவ்வளவும் ஐந்தாறு விநாடிக்குள் வெளிவருகிறது; சராசரி 400 கிலோவாட்டுக்கு மேல். ஃபார்முலா 1 கார்களில் 2014 முதல் 2025 வரை இருந்த மோட்டாருக்கே 120 கிலோவாட்தான் எல்லை. மீதியெல்லாம் டிஸ்க்கில் சூடாகிப் போகும்.

உங்கள் காரிலும் இதே விதிதான். மெதுவாக, முன்கூட்டியே பிரேக்கில் கால் வைத்தால் மோட்டார் வாங்கிக்கொள்ளும். கடைசி நொடியில் அழுத்தினால் டிஸ்க் வாங்கிக்கொள்ளும். டாஷ்போர்டில் 'சார்ஜ்' பகுதி இருக்கும். முள் அதன் கடைசிக் கோட்டை முட்டாமல் பிரேக் பிடிக்கப் பழகுங்கள்; மைலேஜை ஓட்டுபவர் கையில் வைத்திருக்கும் பெரிய சாவி இதுதான்.

படி 2: கம்பெனி எண்ணைப் பிரியுங்கள்

918 பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது வெளியிலிருந்து சார்ஜ் போடக்கூடியது; 6.8 யூனிட் பேட்டரி. பழைய ஐரோப்பிய முறையில் இப்படிப்பட்ட காரை பேட்டரி நிறைய இருக்கும்போது ஒருமுறையும் தீர்ந்தபின் ஒருமுறையும் ஓட்டுவார்கள். மின்சாரத்தில் ஓடும் தூரத்துக்குப் பிறகு பெட்ரோலில் 25 கி.மீ. ஓடுவதாக வைத்துச் சராசரி எடுப்பார்கள். மின்தூரம் சுமார் 30 கி.மீ. என்று கொண்டால் மொத்தம் 55 கி.மீ. அதற்கு 3.1 என்ற விகிதத்தில் 1.7 லிட்டர். அந்த 1.7 லிட்டரும் எரிந்தது கடைசி 25 கிலோமீட்டரில். ஆக லிட்டருக்கு 14.7. அமெரிக்கச் சோதனை இன்னும் கடுமையானது. பேட்டரி தீர்ந்தபின் கேலனுக்கு 22 மைல், அதாவது லிட்டருக்கு 9.4 கி.மீ. என்றே தந்தது. அதே கார்தான், 32 எங்கே, 9.4 எங்கே!

ஹைரைடர் போன்ற, வீட்டில் சார்ஜ் போடாத ஹைப்ரிட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே 27.97 என்ற எண் ஆய்வகத்தில், உருளைகள் மேல், 90 கி.மீ. தாண்டாமல் ஓட்டி எடுத்தது. நம் ஊர் வெயிலும் ஏ.சி.யும் அதில் இல்லை.

படி 3: டேங்க் டு டேங்க் அளவு

ஒரே பங்க், முடிந்தால் ஒரே மெஷின், காலை நேரம். நாசில் தானாக 'டக்' என்று நிற்கும்வரை போடச் சொல்லுங்கள். ரூபாயை முழு எண்ணாக்க மேலே ஒரு சொட்டுகூட வேண்டாம். அளவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த 'ரவுண்டு'தான். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 400 கி.மீ. அளவில் ஓட்டிவிட்டு அதே மெஷினில் அதேபோல் நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடி 18.6 லிட்டர் பிடித்தால் 412-ஐ 18.6-ஆல் வகுக்க 22.15.

50 கி.மீ. மட்டும் ஓட்டி ஏன் அளக்கக்கூடாது? நாசில் நிற்கும் இடம் அரை லிட்டர் முன்பின் இருக்கலாம். 18 லிட்டரில் அரை லிட்டர் மூன்று சதவீதப் பிழைக்குள் அடங்கும். இரண்டு லிட்டரில் அது கால்வாசி. மூன்று டேங்க் அளந்து மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பது நல்லது. பிளக்-இன் கார் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் பேட்டரி தீர்ந்த நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றிய யூனிட்டையும் தனியே எழுதுங்கள்.

படி 4: டவுனையும் நாலுவழிச் சாலையையும் கலக்காதீர்கள்

ஒரு டேங்க் முழுக்க ஊருக்குள், இன்னொன்று திருமங்கலம், விருதுநகர் பக்கம் நெடுஞ்சாலையில். சாதாரண பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில்தான் நன்றாகக் கொடுக்கும். ஹைப்ரிட்டில் டவுன் எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், அது சரிதான். 100-ல் ஒரே சீராகப் போகும்போது பிடித்து வைக்கப் பிரேக்கே இல்லை. காற்றைத் தள்ளும் செலவு முழுக்க எஞ்சின் தலையில். சித்திரைத் திருவிழா வாரத்தில் அளக்காதீர்கள். நெரிசலில் ஏ.சி. போட்டு நின்றால் பேட்டரி இறங்கி, நின்ற இடத்திலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகி சார்ஜ் செய்யும். எண் நீங்கள் ஓட்டும் விதத்தைக் காட்டாது.

படி 5: கொடைக்கானல் இறக்கம்

வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது உயரம் 1,700 மீட்டருக்கு மேல் குறைகிறது. ஆட்களோடு 1,500 கிலோ என்றால் சுமார் 7 யூனிட் ஆற்றல். காற்றும் டயர் உராய்வும் தின்றது போகவும் நிறைய மிஞ்சும். 0.76 யூனிட் பேட்டரியோ முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அதற்குமேல் மோட்டாரால் வாங்க முடியாது, பிரேக் முழுக்க டிஸ்க்குக்கு மாறும். புதிதாக ஓட்டுபவர்கள் இங்கேதான் பிரேக்கைச் சூடேற்றிக் கருகல் வாடை வரவைக்கிறார்கள். லிவரில் ஆங்கில 'B' நிலை (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். எஞ்சின் உறுமும், பெட்ரோல் எரியவில்லை, சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

மைலேஜ் திடீரென்று குறைந்தால்

முதலில் டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கே, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. அடுத்து பேட்டரி விசிறியின் காற்றுத் துளை. பல மாடல்களில் அது பின் சீட்டின் அடியில் அல்லது ஓரத்தில் இருக்கும். மேலே துணிப்பையை வைத்துவிடுவார்கள், உள்ளே மண்ணும் நூலும் அடையும். பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் அதை ஏற்றவும் இறக்கவும் விடாது, எஞ்சின் அடிக்கடி ஓடும், மைலேஜ் விழும். வெயில் காலத்தில் பின்னாலிருந்து விசிறிச் சத்தம் 'விர்' என்று கேட்கத் தொடங்கினால் ஃபில்டரைக் கழற்றி ஊதச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் நீங்கள் தொட வேண்டாம். அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.