பார்சல் கிடங்கு வேலை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசன் தொடங்கினால் கிடங்கில் புதுமுகங்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். லைனில் நிறுத்தி அரை மணி நேரம் ஆவதற்குள் யார் எந்தத் தவறைச் செய்வார் என்று பழைய ஆட்கள் பந்தயம் கட்டலாம். எல்லாம் நாங்கள் செய்து பார்த்தவைதான். முட்டியை மடக்கித் தூக்கு, செருப்போடு வராதே என்பதையெல்லாம் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலை நட்டுவிட்டு இடுப்பைத் திருப்புவது

இது ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். முன்னால் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பெல்ட் ஓடும், பக்கவாட்டில் பேலட், அதாவது பெட்டிகளை அடுக்கும் தட்டு, இருக்கும். புதியவர் நடுவில் நின்று, பாதத்தை ஓர் அங்குலம்கூட அசைக்காமல், பெட்டியை எடுத்து இடுப்பை மட்டும் சுழற்றி வைப்பார். கேட்டால் "ரெண்டு எட்டு மிச்சம்தானே" என்பார்.

எங்கள் லைனில் நல்ல உடம்புள்ள பையன் ஒருவன் சேர்ந்தான். கனமான பெட்டி வந்தால் அவ்வளவு கவனம்: நெருங்கி நின்று, உட்கார்ந்து எழுந்து, மார்போடு அணைத்துக்கொண்டு போவான். லேசானது வந்தால் கால் அசையாது, இடுப்பை ஒரு திருப்பு, அவ்வளவுதான். "தம்பி, காலைத் திருப்பு" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "அண்ணா, இது ரெண்டு கிலோகூட இருக்காது" என்று சிரித்தான். கடைசியில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது அப்படி ஒரு லேசான பெட்டியில்தான். ஷூ டப்பா அளவு. பாதி திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டான். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கையிலிருந்த பெட்டியை நான்தான் வாங்கி வைத்தேன். அப்புறம் பல வாரம் வேலைக்கு வர முடியவில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குகிற ஆளுக்கு அது என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கடைசிப் பெட்டி ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன்னால் அதே மாதிரி திருப்பி வைத்த ஆயிரக்கணக்கான பெட்டிகள் சேர்ந்து செய்த வேலை அது. முதுகெலும்பு வட்டுகளின் வெளிவளையம் அடுக்கடுக்கான நார்களால் ஆனது. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இடுப்பை முறுக்கும்போது பாதி அடுக்குகள்தான் விறைத்து இழுபடும், மறுபாதி தளர்ந்துவிடும். கூடவே குனியவும் செய்தால் மோசம்.

பணியிட உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லாம் சாதகமாக அமைந்தால் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. பெட்டியைப் பிடித்த கை, கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதில் 50 சென்டிமீட்டர் முன்னால் போனாலே அது பாதியாகிவிடும். அதோடு 90 டிகிரி திரும்பவும் செய்தால் சுமார் 8 கிலோதான் மிஞ்சும். நிமிடத்துக்கு எத்தனை பெட்டி, எத்தனை மணி நேரம் என்று கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும். நம் வேலையில் இந்தக் கடைசிக் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டி போகிற பக்கம் முதலில் கால் பெருவிரல் திரும்ப வேண்டும். மூக்கும் பெருவிரலும் எப்போதும் ஒரே திசையில். ஆனால் இதைச் சொல்லிக் கேட்டுத் திருந்தியவர்கள் குறைவு. அதனால் நான் பேலட்டை இரண்டு எட்டு தள்ளிப் போட்டுவிடுவேன். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தானே காலை அசைக்கத் தோன்றுவதில்லை? தள்ளிப் போட்டால் நடந்தே ஆக வேண்டும், உடம்பு தானாகத் திரும்பும். சூப்பர்வைசர் "ஏன் இவ்வளவு தூரம்" என்று முறைப்பார். முறைக்கட்டும்.

காலடியில் கிழிந்த அட்டையும் பிளாஸ்டிக் பட்டையும் கிடந்தாலும் கால் நகராது. பெல்ட் கொஞ்சம் காலியாக ஓடும்போது அந்தக் குப்பையை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். ஷிப்ட் முடியப் போகிற கடைசி மணி நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். களைத்த உடம்பில் முதலில் சோம்பல் படுவது கால்தான்.

முதல் வாரத்திலேயே வேகம் காட்டுவது

சூப்பர்வைசரிடம் பெயர் வாங்க நினைத்துப் பக்கத்து ஆளை முந்துவார்கள். பெயர் கிடைக்காது, இன்னும் வேகமான லைன்தான் கிடைக்கும். தசை சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அதைவிட மெதுவாகத்தான் தேறும். உடம்பில் தெம்பு வந்த பிறகு மணிக்கட்டிலும் முழங்கையிலும் வலி கிளம்புவது இதனால்தான்.

வெக்கை காலத்தில் லாரியின் டிரெய்லருக்குள் நின்று பெட்டி இறக்குகிறவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். புதியவர் முதல் நாள் வெக்கையில் இருக்கும் நேரம் வழக்கத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது நியோஷ் பரிந்துரை. அப்படி விடுகிற கிடங்குகள் குறைவு. விடாவிட்டாலும், தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பெட்டியின் அளவைப் பார்த்து எடையை முடிவு செய்வது

சின்னப் பெட்டிக்குள் இரும்பு உதிரிபாகம் இருக்கும், பெரிய பெட்டிக்குள் தலையணை இருக்கும். இரண்டிலும் ஏமாறலாம். லேசு என்று நினைத்து வெடுக்கென்று தூக்கினால் தோள் போகும். கனம் என்று தம் கட்டித் தூக்கினால் பின்னால் சாய்வீர்கள். தூக்கும் முன் ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். அரை நொடி வேலை. அப்புறம், இரண்டு பக்கமும் அடியில் கை கொடுக்காமல் குறுக்காகப் பிடியுங்கள்: ஒரு கை கிட்டே இருக்கிற கீழ் மூலையில், இன்னொரு கை அதற்கு நேர் எதிரே இருக்கிற மேல் மூலையில். வைக்கும்போது விரலும் நசுங்காது.

இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால் போதும் என்பது

போதாது. காயமில்லாதவருக்கு அது பாதுகாப்பு தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-லேயே நியோஷ் சொல்லிவிட்டது. தைரியம் மட்டும் வரும், அதுதான் ஆபத்து.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது

வெக்கையில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். இடைவேளையில் ஒரேயடியாகக் குடித்தால் வயிறு குலுங்கும்.

புத்தம்புது ஷூவோடு முதல் ஷிப்டுக்கு வருவது

வேண்டாம். வீட்டில் நாலு நாள் போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

எல்லா வலியையும் ஒன்றாக நினைப்பது

புது வேலையின் தசைவலி அடுத்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், நடக்க நடக்கக் குறையும். அதற்குப் பயந்து வேலையை விட்டவர்களும் உண்டு, பாவம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று இழுத்தாலோ, இடுப்பிலிருந்து காலுக்குள் இறங்கினாலோ, விரல்கள் மரத்தாலோ, அதே ஷிப்டில் சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவில் எழுத வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாலு நாள் கழித்துச் சொன்னால் "வீட்டில் எதையோ தூக்கியிருப்பாய்" என்பார்கள். எழுதிய தாளை மறக்காமல் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.